பாசிமணி இங்கே விற்கிறது. பட்டறை எங்கே இருக்கிறது?

ஒகேனக்கல்லுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். மீன் வறுக்கும் வாணலிகள் ஒரு பக்கம். "பரிசல் வேணுமா?" என்று கூப்பிடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இவ்வளவுக்கும் நடுவே தரையில் துணியை விரித்து, பாசிமணிச் சரங்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள் நரிக்குறவப் பெண்கள். சிவப்பு, பச்சை, கருநீலம், மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும். குழந்தைக்குக் கருகமணி, மகளுக்குக் கழுத்து மாலை, காரில் தொங்கவிட ஒரு திருஷ்டி மணி என்று ஏதாவது ஒன்றை வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு.

ஒரு சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது எங்கேம்மா செய்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "வடக்கே இருந்து வருது, சாமி" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

தருமபுரி பஸ் நிலையத்தில் கேட்டாலும் இதே பதில்தான். தீர்த்தமலைத் திருவிழாவில் கேட்டாலும் இதேதான். கோப்பது நம் ஊர்க் கை. விற்பது நம் ஊர்க் குரல். மணி மட்டும் அயலூர்! கண்ணாடி மணி என்றால் உத்தரப்பிரதேசத்து ஹாத்ரஸ் மாவட்டத்தில் உள்ள புர்தில்நகர் போன்ற ஊர்களிலிருந்து வருகிறது. பிளாஸ்டிக் மணி என்றால் சீனச் சரக்கும் கலந்திருக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம், அரிசியும் பருப்பும்கூடத்தான் வெளியூரிலிருந்து வருகின்றன என்று நேயர்கள் கேட்கலாம். விஷயம் இருக்கிறது.

சட்டம் வந்தது, சரக்கு?

நரிக்குறவர் சமூகத்தின் பழைய தொழில் வேட்டை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டையும் உயிரினங்களையும் காக்க அது தேவையான சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டத்தோடு ஒரு கூட்டத்தாரின் பிழைப்பு அற்றுப்போயிற்று. கையில் மிஞ்சியது ஊசியும் நூலும் பாசிமணியும்.

தங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் பல காலமாகக் கேட்டு வந்தார்கள். 2022-ஆம் வருஷம் டிசம்பர் 15-ந் தேதி மக்களவையிலும், 22-ந் தேதி மாநிலங்களவையிலும் அதற்கான மசோதா நிறைவேறியது. நரிக்குறவர், குருவிக்காரர் என்ற பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் ஏறின. பள்ளியில் இடம், வேலையில் இடம், கடனில் சலுகை எல்லாம் இனி உண்டு. நல்ல காரியம், காலம் கடந்து வந்தாலும் நல்ல காரியம்.

ஆனால் நாற்பது வயதில் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் அந்தத் தாய்க்குப் பள்ளிக்கூட இடம் பயன்படாது. அவளுடைய பிள்ளைக்குப் பயன்படும். அவளுக்கு வேண்டியது அவள் தொழிலிலேயே இரண்டு காசு கூடுதலாக நிற்பது. வாங்கி விற்கிறவளுக்கு நிற்பது தரகு மட்டும். செய்து விற்கிறவளுக்கோ கைக்கூலியும் சேர்ந்து நிற்கும். அந்த மணியை அவளே செய்ய முடியாதா என்பதுதான் நம் கேள்வி.

முடியும் என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2,000 வருஷத்து மணி

கண்ணாடி மணி நமக்குப் புதிது அல்ல. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் மண்ணை வெட்டிப் பார்த்தார். ரோமாபுரி ஜாடித் துண்டுகள் அகப்பட்டன என்பது பாடப் புத்தகத்தில் உண்டு. அங்கே கண்ணாடி மணி செய்யும் தொழில் நடந்தது என்பதை எல்லோரும் கவனிப்பதில்லை. அந்த மாதிரிச் சிறு மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசிய நாடுகள்வரை போயின. ஆப்பிரிக்கக் கரையிலும் அகப்படுகின்றன. பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். நம் காலத்திலும் கீழடி, வெம்பக்கோட்டை அகழாய்வுக் குழிகளில் கண்ணாடி மணிகள் வந்துகொண்டே இருக்கின்றன. வெம்பக்கோட்டையில் தோண்டத் தொடங்கியது 2022-ல்.

அரிக்கமேட்டு முறை என்ன ஆயிற்று? அழியவில்லை. திருப்பதியை அடுத்த பாப்பநாயுடுபேட்டை என்ற ஊரில் அண்மைக் காலம் வரை அந்த முறையிலேயே மணி செய்து வந்தார்கள். உலையில் உருகிய கண்ணாடியை ஓர் இரும்புக் குழாயின் நுனியில் பெரிய கூம்பாகத் திரட்டுவார்கள். குழாய் வழியே கூம்பின் நடுவில் ஒரு துளை ஓடும். கூம்பின் முனையைக் கொக்கியில் மாட்டி இழுக்க இழுக்க, அது நீண்ட மெல்லிய குழலாக வந்துகொண்டே இருக்கும். துளையும் கூடவே வரும்! அதைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலில் புரட்டி மறுபடி சூடேற்றினால் விளிம்பு மழுங்கி மணியாகிவிடும்.

அழகான முறைதான். ஆனால் இதற்குப் பெரிய உலை வேண்டும். இரவு பகலாக எரிபொருள் வேண்டும். கைதேர்ந்த பலர் ஒரே நேரத்தில் கூடி உழைக்க வேண்டும். தருமபுரியில் நாளைக்கே தொடங்கக்கூடிய காரியம் அல்ல.

நான் சொல்ல வருவது இரண்டாவது முறை. அதற்கு ஒரு மேஜை போதும்.

சுடரில் இளகும் கண்ணாடி

பொற்கொல்லர் பற்று வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதி, ஊசி முனை மாதிரி கூர்மையாக்கி, நகையின் மூட்டில் பாய்ச்சுவார். மேல்நாட்டில் கண்ணாடி வேலைக்காரர்களும் முற்காலத்தில் இப்படித்தான் எண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு, காலால் துருத்தி மிதித்து வேலை செய்தார்கள். இன்று விளக்கு போய் 'டார்ச்' என்னும் சுடர்க்குழல் வந்துவிட்டது. காஸும் பிராணவாயுவும் கலந்து எரியும் அந்தச் சுடரின் சூடு 2,000 டிகிரிக்கும் மேலே.

மணி செய்யும் விதம் இதுதான். எவர்சில்வர் கம்பி ஒன்றைக் களிமண் குழம்பில் தோய்த்துக் காயவைக்க வேண்டும். அந்த மண் பூச்சு இல்லாவிட்டால் கண்ணாடி கம்பியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வரவே வராது. இடது கையில் இந்தக் கம்பி. வலது கையில் பென்சில் பருமனுள்ள வண்ணக் கண்ணாடிக் குச்சி. குச்சியைத் திடீரென்று தீயில் நீட்டினால் படீரென்று வெடித்துச் சிதறும். சுடரின் ஓரத்தில் காட்டிக் காட்டித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். 700 டிகிரிக்கு மேல் போகப் போக முனை சிவந்து, இளகி, அதிரசப் பாகு மாதிரி உருண்டு தொங்கும். அதைக் கம்பியின்மேல் சுற்ற வேண்டும். சுற்றும்போது கம்பியை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விநாடி நிறுத்தினாலும் மணி ஒரு பக்கம் வயிறு தள்ளிவிடும்!

இந்த உருட்டல்தான் வித்தை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். கல்லூரி ரசாயனச் சாலையில் நானும் ஒரு கண்ணாடிக் குழாயை வளைத்திருக்கிறேன். உருட்ட மறந்தேன், குழாய் கூனிக் குறுகி, துளை அடைபட்டுப் போயிற்று. கை பழக ஒரு வாரம் ஆகும் என்று ஆய்வுக்கூட உதவியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

உருண்டை மணி வந்துவிட்டால் அடுத்தது புள்ளி. இன்னொரு நிறக் குச்சியின் முனையை இளக்கி, மணியின்மேல் தொட்டு எடுத்தால் ஒரு புள்ளி நிற்கும். நீல மணியில் வெள்ளைப் புள்ளி, அதன்மேல் சிறிய கறுப்புப் புள்ளி வைத்துச் சூடுகாட்டி அமிழ்த்தினால் கண் மணி தயார். குச்சியை இளக்கி இழுத்தால் தலைமயிர் போன்ற நூல் கிடைக்கும். அதைக்கொண்டு கொடியும் கோலமும் எழுதலாம். இரண்டு நிறத்தைச் சேர்த்து முறுக்கி இழுத்தால் முறுக்கு நூல். மணியைத் தகட்டில் அழுத்தினால் இலை. இடுக்கியால் நுனியை இழுத்தால் நீர்த்துளிப் பதக்கம். இதற்கு மேல் குமிழி மணி, பறவை, மீன் என்று கைக்கும் கற்பனைக்கும் தக்கபடி போகலாம். பொருட்காட்சிகளில் கண்ணாடி அன்னம் செய்து கொடுப்பவரைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. அதுவும் இதே சுடரின் வேலைதான்.

மணி செய்தாயிற்று என்று கீழே வைத்துவிடக் கூடாது. வெளிப்புறம் சீக்கிரம் ஆறும், உள்ளே சூடு நிற்கும்; இந்த இழுபறியில் இன்றோ நாளையோ விரிசல் விடும். சுமார் 500 டிகிரி சூட்டில் ஒரு சிறு மின்சாரச் சூளையில் வைத்து, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஆறினால் காலையில் எடுக்கலாம். கழுத்தில் போட்ட மணி ஒரு மாதத்தில் உடைந்தது என்றால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் யாரோ அவசரப்பட்டிருப்பார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கண்ணாடி எல்லாம் ஒன்று அல்ல. மணி செய்யும் இளகல் கண்ணாடி ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு கோடியில் 104 பங்கு விரியும். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி 33 பங்குதான் விரியும். இரண்டையும் ஒட்டவைத்தால் ஆறும்போது ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளும். பழைய பாட்டிலை உடைத்துச் செய்தால் செலவே இல்லையே என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பாட்டில் இன்னொரு பாட்டிலோடு சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிரோசாபாத் சொல்லும் பாடம்

இனி மறுபக்கம். இதை வீட்டுக்கு வீடு செய்யலாம், குடிசைத் தொழிலாக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

கண்ணாடி வளையலுக்குப் பேர்போன ஊர் பிரோசாபாத். உலையிலிருந்து வளையல் கம்பிச் சுருள்போல வருகிறது. அதை அறுத்து, ஒவ்வொரு வளையத்தின் இரு முனையையும் சுடரில் காட்டி ஒட்ட வேண்டும். 'ஜுடாய்' என்பது இந்த வேலையின் பெயர். அங்கே இதைக் காலங்காலமாக வீடுகளில் செய்கிறார்கள். புகையும் சூடும் நிறைந்த சின்ன அறையில், பெண்களும் பிள்ளைகளும் குனிந்து உட்கார்ந்து ஒட்டுவார்கள். தாஜ்மகாலைப் புகையிலிருந்து காப்பாற்றும் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர் 30-ந் தேதி தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்த வட்டாரத் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை வாயுவுக்கு மாற வேண்டி வந்தது. தாஜ்மகாலுக்கு வழி பிறந்தது. வீட்டுக்குள் விளக்கு முன் உட்கார்ந்த பிள்ளையின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அந்தத் தீர்ப்பு எட்டவில்லை.

ஆகையால் பொதுப் பட்டறை ஒன்றே வழி. காற்று வாங்கும் கூடம். புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி. சுடரில் கண்ணாடியிலிருந்து எழும் மஞ்சள் ஒளியைத் தடுக்கும் டிடிமியம் மூக்குக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று. அந்த மஞ்சள் ஒளியில் வேலை செய்கிறவருக்கு மணியே தெரியாது, கண்ணும் கூசும். நைலான் சேலை கூடாது. பருத்தி உடை, முடிந்த கூந்தல். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் உள்ளே வரக் கூடாது. வீட்டுச் சமையல் சிலிண்டர் கூடாது. 19 கிலோ வியாபாரச் சிலிண்டர்தான், அதுவும் கூடத்துக்கு வெளியே.

பிராணவாயுவுக்கு எங்கே போவது? அமெரிக்காவில் மணி செய்கிறவர்கள் பலர் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வைக்கும் பிராணவாயுச் செறிவூட்டியையே மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள். நிமிஷத்துக்கு 5 லிட்டர் தரும் கருவி ஒரு சிறு சுடருக்குப் போதும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது அந்தக் கருவிக்கு நாடு எப்படி அலைந்தது என்பது நினைவிருக்கும். இன்று அது கடையில் கிடைக்கும் சாதாரணச் சாமான்.

ஏன் தருமபுரி?

தருமபுரியில் கண்ணாடித் தொழில் இல்லையே, அங்கே ஏன் என்று கேட்கலாம். இல்லாததால்தான். 2011 மக்கள் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது. மானாவாரி நிலம். தக்காளி விலை சரிந்தால் பாலக்கோட்டில் அழுகை. மழை பொய்த்தால் அரூரில் அழுகை. வாலிபர்கள் பெங்களூர் பஸ் ஏறிவிடுகிறார்கள். கூரைக்குக் கீழே, தண்ணீர் தேவைப்படாமல் நடக்கும் தொழில் எதுவானாலும் இங்கே வரவேற்கத் தக்கது.

தீயோடு பழகாத மண்ணும் அல்ல இது. அதியமானின் தகடூர் அல்லவா? 2004 வரை இதே மாவட்டமாக இருந்து, இன்று கிருஷ்ணகிரியில் சேர்ந்திருக்கும் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அரசு அறிவித்தது. பழம்பெருமை சோறு போடாது என்பது வேறு விஷயம்.

சோறு போடக்கூடியது ஒன்று உண்டு. வெல்டிங் படித்த பிள்ளைகள். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் படித்தவனுக்குக் காஸைத் திறக்கத் தெரியும். பிராணவாயுவைக் கலக்கத் தெரியும். சுடரைப் பார்த்தே சூட்டைச் சொல்லத் தெரியும். நெருப்பைக் கண்டு பயம் கிடையாது. கண்ணாடி வேலையின் முதல் மாதப் பாடம் அவனுக்கு ஏற்கெனவே வந்தாயிற்று. இவனும், மணியின் நிறமும் விலையும் தெரிந்த நரிக்குறவப் பெண்ணும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கு வரும்.

பணம்? அதற்கு வழி இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவிகிதம், உச்சமாக 50,000 ரூபாய், மானியமும் என்று வகுக்கப்பட்டது. மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சர், கொல்லர், குயவர், பொற்கொல்லர் எல்லாம் உண்டு, கண்ணாடிக்காரர் இல்லை. கடன் கொடுப்பது சர்க்காருக்குப் பழகிய வேலை. கற்றுக்கொடுப்பதுதான் இல்லை. பிரோசாபாத்தில் மத்திய அரசின் கண்ணாடித் தொழில் மேம்பாட்டு மையம் இருக்கிறது. அங்கிருந்தோ புர்தில்நகரிலிருந்தோ இரண்டு கைதேர்ந்தவர்களை ஆறு மாதத்துக்கு அழைத்து வருவதற்கு எத்தனை லட்சம் ஆகிவிடும்?

விலை நிற்குமா?

கடைசியாக, வியாபாரிகள் கேட்கும் கேள்வி. இயந்திரம் கொட்டும் மணியோடு கைமணி போட்டியிட முடியுமா?

முடியாது. இதை மறைப்பதில் லாபம் இல்லை. செக் நாட்டிலும் ஜப்பானிலும் இயந்திரங்கள் மணிகளைக் கொட்டுகின்றன. சீனாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழகிய கைக்கு ஒரு சாதாரண உருண்டை மணி நாலு நிமிஷம் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் பதினைந்து மணி! சரம் சரமாகச் செய்து விற்க நினைத்தால் காஸ் செலவுக்கே கட்டாது.

ஆனால் ஒரு மாலைக்கு நடுவே தொங்குவது ஒரே ஒரு மணி. சுற்றிலும் மலிவு மணியைக் கோத்து, நடுவில் ஒரு கைமணிப் பதக்கத்தை வைத்தால், விலையை நிர்ணயிப்பது அந்த ஒன்றுதான். வெனிஸ்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். 1291-ல் உலைகளை முரானோ தீவுக்கு மாற்றிய ஊர் அது. சுடரில் சுற்றிய வெனிஸ் மணியை மேல்நாட்டார் கேட்ட விலை கொடுத்து வாங்குகிறார்கள். 2020-ல் இத்தாலியும் பிரான்சும் சேர்ந்து கேட்டு, கண்ணாடி மணிக் கலைக்கு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம் வாங்கின. துருக்கியில் இஸ்மீர் அருகே ஒரு கிராமத்துக்கே 'நாஸர்கோய்', அதாவது திருஷ்டியூர் என்று பெயர் வைத்து நீலக் கண் மணி விற்கிறார்கள். அதே நீலக் கண்தான் இன்று நம் ஊர்க் கார்களில் ஆடுகிறது. கருகமணியும் திருஷ்டிக் கயிறும் கட்டிப் பழகிய நமக்கு அதைத் துருக்கிக்காரன் விற்க வேண்டுமா?

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர் பொரித்த மீனைத் தின்றுவிட்டுப் போகிறார். வீட்டுக்கு எடுத்துப்போக அந்த ஊரில் செய்தது என்று சொல்லும்படி என்ன இருக்கிறது? விழும் அருவியின் நுரைபோல் வெள்ளை நூல் ஓடும் பச்சை மணி ஒன்று, ஒரு பரிசல் பதக்கம், ஒரு மீன் பதக்கம் என்று இருந்தால் வாங்க மாட்டார்களா? 1973 முதல் நடக்கும் சர்க்காரின் பூம்புகார் கடைகளும் இருக்கின்றன.

கை நன்றாகத் தேறிய சிலர் இரண்டு மூன்று வருஷத்தில் போரோசிலிக்கேட் வேலைக்கும் போகலாம். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் முனை உடைந்த பியூரெட்டும் கழுத்து விண்ட குடுவையும் எத்தனை என்று உதவியாளர்களைக் கேட்டால் தெரியும். அவற்றைச் சரிசெய்யும் ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. அது கடினமான வேலை. ஆனால் நிலையான வேலை.

பத்துப் பேர், ஐந்து மேஜை, ஒரு சூளை. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் கூட்டம் தாங்காது என்பது தெரிந்ததே. தை மாதம் பட்டறையைத் திறந்தால், உருட்டப் பழகுவதற்கும் உடைப்பதற்கும் மாசி, பங்குனி போகும். புள்ளியும் கொடியும் கைக்கு வரச் சித்திரை, வைகாசி. ஆனியில் செய்வதை விற்பனைக்கு எடுத்து வைக்கலாம். ஆடி 18-க்கு அந்தத் துணியில், வடக்கத்திச் சரங்களுக்குப் பக்கத்திலேயே, முதல் தருமபுரி மணியை வைத்துவிடலாம்.